சுண்டெலி பாடவில்லை

என்னங்க,

வாசலில் சொட்டியிருக்கும் ரத்தத்தைப் பார்த்துப் பயப்படாதீர்கள், என் கையிலிருந்து விழுந்ததுதான். நம் பூனைப் பயல் ‘சுண்டெலி’ என்னைக் கடித்துவிட்டான்.

நீங்கள் வேலைக்குப் போன பிறகும் வாஷிங் மெஷினுக்குப் பின்னால் அந்த ‘கர்ர்ர்’ நிற்கவில்லை. “சந்தோஷமாப் பாடுறான், விடு” என்று நேற்று என் வாயை அடைத்தீர்களே, அதே சத்தம். டார்ச் அடித்தேன். இமைக்காமல் உட்கார்ந்திருந்தான். கண் முழுக்கக் கறுப்பு. வயிற்றைத் தொட்டதும் கடித்தான், கடித்துக்கொண்டே கர்ர்ரென்றான். அவன் மூத்திரம் போகும் மண் தட்டு நேற்றிலிருந்து காய்ந்தே கிடந்தது.

மிருக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

“வலி தாங்கலன்னாலும் பூனை இப்படித்தாம்மா சத்தம் போடும். மூத்திரம் அடைச்சிருக்கு. ஆண் பூனை முக்கி முக்கிப் பார்த்துட்டு ஒண்ணும் வராம எழுந்தா, உடனே கொண்டு வந்துடணும்” என்றார் டாக்டர். மயக்க ஊசி போட்டு, குழாய் விட்டு எடுத்தார்கள். பிழைத்துவிட்டான்.

அவனுடைய துண்டை எடுக்க வந்தேன், திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். சாப்பாடு மூடி வைத்திருக்கிறது.

பி.கு.: மயக்கம் தெளிந்ததும் அவன் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தான். திரும்பினேன், நீங்கள் அங்கே இல்லை. சண்டையெல்லாம் அப்புறம். வந்து அந்த இடத்தில் நில்லுங்கள்.