சின்னப் பிள்ளைகள் ஊதுகிற குழலாம்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், அவருடைய முழங்கால் வலி மட்டும் படி ஏறும்போது எட்டிப் பார்க்கிறது. நீயும் மருமகளும் பேத்தியும் சுகமாக இருக்கிறீர்கள் என்ற தைரியத்தில்தான் இவ்வளவு கோபத்தோடு எழுத உட்கார்ந்தேன். இந்த வயதில் எதற்கு வம்பு, ஒரு வரி மன்னிப்பு எழுதிக் கொடுத்துவிடு என்று செய்தி அனுப்பியிருந்தாயே, அதைப் படித்ததும் உள்ளங்கால் முதல் உச்சி வரை பற்றிக்கொண்டு வந்தது. என்ன நடந்தது என்று கேட்காமலே தீர்ப்புச் சொல்லிவிட்டாய்.

இப்போது கேள். ஆறு மாதம் முன்பு இசைப்பள்ளிக்குப் புது முதல்வர் வந்தார். முதல் கூட்டத்திலேயே, ரெக்கார்டர் குழல் இனி சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும், விரல் பழகியதும் வயலினுக்கு அனுப்பிவிடுங்கள் என்றார். இருபத்தெட்டு வருஷமாக அந்த மரக்குழலை மேடையில் வாசித்தும் சொல்லிக்கொடுத்தும் பிழைக்கிறவளிடம், பள்ளிக்கூடத்துப் பிளாஸ்டிக் குழல்தானே என்று வேறு கேட்டார். சாண் நீளத்தில் தொடங்கி மார்பளவு உயரம் வரை ஐந்து குழல் வைத்திருக்கிறேன், ஒருநாள்கூட அவர் வகுப்புக்குள் எட்டிப் பார்த்தவரில்லை. பின்பக்கத் துளையைக் கட்டைவிரல் நகத்தால் மயிரிழை திறந்தால்தான் மேல்சுரம் பேசும், கொஞ்சம் கூடினால் கீச்சிடும். அந்த மயிரிழை பிடிபட எனக்கு நாலு வருஷம் ஆனது.

என் மாணவர்களில் ஒருவர் பேருந்து ஓட்டுநர், நாற்பத்தாறு வயது. காலை முறை முடித்துச் சீருடையோடு வருவார், ஐந்து வருஷத்தில் ஒரு வகுப்பு தவறியதில்லை. இடைவேளையில் காலி வண்டிக்குள் ஜன்னல் கண்ணாடிகளை மூடிவிட்டுப் பயிற்சி செய்வாராம், நடத்துநர் எவ்வளவு கிண்டல் செய்தும் விடவில்லை. ஆண்டு விழாவுக்கென்று எட்டு மாதம் தயார் செய்தார். விழாவுக்கு இரண்டு நாள் முன்பு நிகழ்ச்சி நிரலைப் பார்த்தால் அவர் பெயரைக் காணோம். முதல்வர் அறைக்குப் போனேன். அந்த மனிதர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "வளந்த ஆளு சின்னப் பிள்ளைங்க குழல ஊதினா பாக்குறவங்க சிரிப்பாங்க, மேடம்" என்றார். என்னைப் பார்த்தும் சிரிப்பார்களா என்று கேட்டேன். நீங்கள் ஆசிரியை, அது வேறு என்றார். ஓட்டுநரிடம் சொன்னபோது அவர் கோபப்படவே இல்லை. குழலைத் துடைத்து உறையில் போட்டுவிட்டு, மனைவியை வரவேண்டாமென்று சொல்லிவிடுகிறேன் என்றார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அன்றே அந்தம்மாவுக்கு நான் போன் செய்து, கட்டாயம் வரவேண்டும் என்றேன்.

விழாவில் எனக்கென்று பத்து நிமிடம் இருந்தது. மேடையேறி, தனியாக வாசிக்கப் போவதில்லை என்று சொல்லி ஓட்டுநரை அழைத்தேன். முதல் வரியில் அவருக்கு இரண்டு சுரம் பிசகியது, மறைக்க மாட்டேன். பெரிய குழலில் நான் கீழ்ச்சுரம் பிடித்துத் துணை நின்றேன். மூன்றாவது வரியில் அவர் மூச்சு நிலைத்தது, பிறகு என் துணையே அவருக்குத் தேவைப்படவில்லை. யாரும் சிரிக்கவில்லை. கடைசிச் சுரம் அடங்கியதும் கைதட்டினார்கள். அவர் மனைவி கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

மறுநாளே ஒழுங்கு மீறல் என்று ஓலை வந்துவிட்டது, மன்னிப்பு எழுதாவிட்டால் அடுத்த ஆண்டு வகுப்பு கிடையாதாம். நான் என்ன திருடினேனா, பொய் சொன்னேனா? வெள்ளிக்கிழமை போய், செய்தது சரி, மறுபடியும் செய்வேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, அறைச் சாவியை மேசையில் வைத்துவிட்டு வந்தேன். பயமில்லை என்று சொல்ல மாட்டேன். என் மாணவர்கள் பத்தொன்பது பேரில் பதினொரு பேர் இப்போது வீட்டுக்கு வருகிறார்கள், மற்றவர்கள் வராதது வலிக்கத்தான் செய்கிறது. உன் அறைக் கட்டிலைக் கழற்றி நாற்காலிகள் போட்டாயிற்று. அப்பா ஒரு பலகையில் 'ரெக்கார்டர் வகுப்பு, எந்த வயதினரும் வரலாம்' என்று தன் கையாலேயே எழுதி வாசலில் மாட்டினார். நீ வந்தால் கூடத்தில்தான் படுக்கவேண்டும், சொல்லிவிட்டேன்.

பேத்திக்குக் காதில் குத்தலெடுக்கிறது என்றாயே, சொட்டு மருந்தை நீயாக ஊற்றாதே, மருத்துவரிடம் காட்டு. மூவரும் ஒரு குறையுமில்லாமல் நூறு வருஷம் இருங்கள். இன்னொன்று, உன் மாமனார் வீட்டில் என்னைப் பாட்டு டீச்சர் என்று சொல்லி வைத்திருக்கிறாய். இரண்டு முறை காதில் விழுந்தும் பேசாமல் இருந்தேன். எனக்குப் பாடவே வராது. அடுத்த முறை சரியாகச் சொல்.

இப்படிக்கு,
ரெக்கார்டர் வாசிக்கும் உன் அம்மா