இன்னும் ஒரு செகண்ட்

ஜூன் 3, செவ்வாய்

இரண்டு வயதுப் பையன். மூச்சுக்குழாயில் ஒரு பாசிமணி. மயக்க மருந்து கொடுப்பவள் நான்; மணியை எடுக்க வேண்டியவர் என் கணவர். இவர் வாய்வழியாக இரும்புக் குழாயை இறக்கினார். அதன் பக்கத்துத் துளையில் என் ஆக்சிஜன் பை. மயக்கத்தில் கிடக்கும் பிள்ளைக்கு நான் பையை அழுத்தினால்தான் மூச்சு. ஆனால் மணியைப் பிடிக்க இடுக்கியை உள்ளே விட வேண்டுமென்றால் குழாயின் மூடியைத் திறக்க வேண்டும். திறந்தால் நான் அனுப்பும் காற்றெல்லாம் இவர் முகத்தில்தான் அடிக்கும்.

ஆக்சிஜன் அளவு எண்பதுக்கு வந்தது. “வெளியே எடுங்க.”

“இன்னும் ஒரு செகண்ட்.”

அறுபதில் கத்தினேன். இவர் நிறுத்தவில்லை. மணி வந்தது, பிள்ளை பிழைத்தான், எல்லோரும் இவரைப் பாராட்டினார்கள். ஏன் நிறுத்தவில்லை என்று காரில் கேட்டேன். “ரெண்டாவது தடவை நீ சொன்னது சத்தியமா காதுல விழல.”

ஜூன் 4

வீட்டிலும் சண்டை. அடுத்த குழந்தை தானாக மூச்சு விடட்டும், மூக்கில் மெல்லிய குழாய் வைத்து ஆக்சிஜனை விடாமல் கொடுக்கிறேன், மூடி திறந்தாலும் கவலையில்லை என்றேன்.

“இருமினா? இரும்புக் குழாய் உள்ள இருக்கறப்ப இருமினா கிழிச்சிடும்.”

அதுவும் உண்மைதான். அதுதான் எரிச்சல்.

மாமியார், “சாப்பிடும்போது இதைப் பத்தி யாரும் மூச்சு விடக்கூடாது” என்றார். சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

இவருக்கு மத்தியானத் தூக்கம், குறட்டை. இந்த வீட்டில் ஒருவருக்காவது ஆக்சிஜன் தாராளம். ஒரு கை தூரத்தில் நின்று கத்தினேனே — எப்படிக் காதில் விழாமல் போகும்? என் பேச்சுக்கு நிறுத்தாதவரோடு இனிமேல் எப்படி நிற்பது?

ஜூன் 12

இன்று ஒரு சின்னப் பெண், பட்டாணி. என் வழிதான். மூக்கில் குழாய், தானாக மூச்சு, அளவு தொண்ணூற்றெட்டு. உள்ளுக்குள் கெக்கலித்தேன். அப்போது இருமினாள். குரல்வளை இறுகி மூடிக்கொண்டது. அளவு சரிந்தது.

“வெளியே—” நான் முடிப்பதற்குள் இரும்புக் குழாய் வெளியே இருந்தது.

தசையைத் தளர்த்தும் மருந்தைப் போட்டு, முகமூடியை அழுத்திப் பிடித்துக் காற்றைச் செலுத்தினேன். மெல்ல மெல்ல ஏறியது. அப்பாடா.

“இப்ப என்ன செய்யலாம்?” என்றார்.

“உங்க வழி. ஆனா நான் சொன்னா நிறுத்தணும்.”

குழாயை மறுபடி இறக்கி மூடியைத் திறந்தார். தொண்ணூறு வந்ததும் சொன்னேன். பட்டாணி இடுக்கியின் நுனியில் இருந்தது. விட்டுவிட்டு மூடினார். நான் பையை அழுத்தினேன். திரும்பத் திரும்ப இப்படியே, பட்டாணி வரும்வரை. குழந்தை விழித்து, நன்றாகவே அழுதாள்.

காரில் ஏறியவர் வண்டியை எடுக்கவில்லை.

“அன்னிக்கு நீ கத்தினது கேட்டுச்சு” என்றார்.

தெரிந்ததுதான். “நாளைக்கும் ஒரு குழந்தை இருக்கு, வண்டியை எடுங்க” என்றேன்.