போன வருடத்து மழையும் போடாத கையெழுத்தும்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம், எனக்குக் கோபத்துக்கும் குறையில்லை. அங்கே நீயும் மருமகளும் சுகம்தானா, பாப்பாவுக்குப் பல் முளைக்கும்போது வந்த காய்ச்சல் விட்டதா என்பதை முதலில் எழுது. கையில் போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறந்தாலே நீ "அம்மா, ஒரு நிமிஷம் நான் சொல்றதக் கேளு" என்று குறுக்கே வந்துவிடுகிறாய், நீ சொல்லி முடிப்பதற்குள் உன்னை ஆபீஸில் கூப்பிட்டுவிடுகிறார்கள், என் முறை வருவதே இல்லை. கடிதத்தில் நீ குறுக்கே வர முடியாது. அதனால் ஓரிடத்தில் உட்கார்ந்து கடைசி வரி வரைக்கும் படி. கடைசிவரை என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, போகப்போக உனக்கே தெரியும்.

விவசாயத்தைப் பற்றியும் அதில் வந்திருக்கும் புதுத் தொழில்நுட்பத்தைப் பற்றியும் அவசியம் கேட்க வேண்டிய பாட்காஸ்ட்கள் என்று நீ ஒரு பட்டியல் அனுப்பினாயே, அதில் ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் கேட்டுவிட்டேன். காய் பிரிக்கும் அறையில் ஜன்னலுக்குப் பக்கத்து ஆணியில் போனை ஒரு பையில் போட்டுத் தொங்கவிட்டுவிடுவேன், கை பாட்டுக்குத் தக்காளியைப் பிரிக்கும், காது பாட்டுக்குக் கேட்கும். அந்த இரண்டு ஆண்கள் பேசுவது ஒன்று இருக்கிறதே, அவர்கள் ஒருவர் ஜோக்குக்கு ஒருவர் சிரித்து முடித்துவிட்டு விஷயத்துக்கு வருவதற்குள் எனக்கு ஒரு கூடை தக்காளி பிரித்து முடிந்துவிடுகிறது. ட்ரோனைப் பற்றிச் சொல்பவர் கெட்டிக்காரர்தான், ஆனால் மருந்து தெளிப்பதைப் பற்றி முக்கியமாக ஒன்று சொல்ல வரும்போதெல்லாம் மெத்தை விளம்பரம் வந்துவிடுகிறது. விவசாயிக்கு மெத்தையை விற்க நினைத்தவன் எந்த விவசாயியையும் பார்த்ததில்லை போலிருக்கிறது, எங்களுக்குப் படுத்தால் பாறையிலும் தூக்கம் வரும். மண்ணைப் பற்றிப் பேசும் அந்தப் பெண்மணிதான் எனக்கு ரொம்பப் பிடித்தவள். சிரிக்கவே தெரியாது, ஆனால் ஒரு கேள்வி கேட்டால் அதற்கு மட்டும்தான் பதில் சொல்வாள். நான் அவளுக்கு மண்ணம்மா என்று பேர் வைத்திருக்கிறேன். ஈரம் பார்க்கும் சென்சாரை எவ்வளவு ஆழத்தில் புதைக்க வேண்டும், எதற்காக என்றெல்லாம் அவள் சொன்ன பிறகுதான் எனக்கு விளங்கியது, அதற்காக உனக்கு நன்றியும் சொல்லிக்கொள்கிறேன். நல்லதை நல்லது என்று சொல்லாமல் இருப்பவள் இல்லை உன் அம்மா.

ஆனால் நீ அந்தப் பட்டியலை எதற்கு அனுப்பினாய் என்று எனக்குத் தெரியாது என்றா நினைத்தாய்? உன்னைப் பெற்றவள் நான். சின்ன வயதில் நீ சினிமாவுக்குப் போகவேண்டும் என்றால் காலையிலிருந்தே அடுப்படியைச் சுற்றிச் சுற்றி வந்து பாத்திரம் துலக்கித் தருவாய், அந்தப் புத்தி இன்னும் போகவில்லை. சின்ன விவசாயிகள் ஒவ்வொருவராக எப்படி நொடித்துப்போகிறார்கள் என்று சொல்லும் பாட்காஸ்டைப் பட்டியலில் முதலில் வைத்திருந்தாய். அடுத்தது ஆள் பஞ்சம், அதற்கடுத்தது தண்ணீர்ப் பஞ்சம், அப்புறம் மண்ணே இல்லாமல் கம்பெனிகள் கொட்டகைக்குள் காய் விளைவிக்கும் அழகு. இதையெல்லாம் வரிசையாகக் கேட்டால் நாங்கள் பயந்துபோய், நம் நிலத்தைக் கேட்கும் அப்படிப்பட்ட ஒரு கம்பெனிக்கு அதை நீண்ட குத்தகைக்கு விட்டுவிட்டு, மூட்டை கட்டிக்கொண்டு உன் வீட்டுக்கு வந்துவிடுவோம் என்று கணக்குப் போட்டாய். கணக்கு தப்பில்லை கண்ணா, ஆளைத்தான் தப்பாக எடைபோட்டுவிட்டாய். இந்த நிகழ்ச்சிகளில் வருகிறவர்கள் எல்லாரும் ஏதாவது ஒன்று செய்து பார்க்கிறவர்கள். எங்களைப் பயமுறுத்த வேண்டுமென்றால் வேறு யாராவது பேசியதைத்தான் நீ அனுப்பியிருக்க வேண்டும்.

நடுவில் அப்பா செய்த காரியம் உனக்குச் சாதகமாகப் போய்விட்டது, அதையும் நானே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் அவர் உன்னிடம் பாதிதான் சொல்லியிருக்கிறார். நான் கண் ஆபரேஷனுக்குப் பிறகு பரிசோதனைக்காக டவுனுக்குப் போய்ச் சித்தி வீட்டில் தங்கியிருந்தேன் அல்லவா, அப்போது என் பழைய போனை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனேன். அவரும் ஆணியில் மாட்டிக் கேட்டிருக்கிறார். வானிலையோடு சேர்த்து விவசாயச் செய்தி சொல்பவர் ஒருவரும் உன் பட்டியலில் இருக்கிறாரே, அவர் வரும் நாட்களில் விடாமல் மழை கொட்டப்போகிறது, தண்ணீர் பாய்ச்ச வேண்டாம், வேர் அழுகிவிடும் என்று அழுத்தந்திருத்தமாகச் சொல்லியிருக்கிறார். உன் அப்பா உடனே போய்க் கீழ்வயலின் சொட்டுநீர் வால்வை மூடிவிட்டார். புதிதாக நட்ட தக்காளி நாற்று முழுவதும் அங்கேதான் இருந்தது. நான் திரும்பி வந்து இறங்கும்போது வானம் துடைத்துவிட்டதுபோல இருக்கிறது, மனுஷன் வரப்பில் குடையோடு நிற்கிறார், நாற்றெல்லாம் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்கிறது. மழை எங்கே என்று கேட்டேன், வரும் என்று போனில் சொல்லியிருக்கிறார்கள் என்றார். எடுத்துப் பார்த்தால் அது போன வருடம் மழைக்காலத்தில் பேசியது. உன் அப்பா ரேடியோ கேட்டு வளர்ந்தவர், ரேடியோவில் சொன்னது சொன்னதோடு காற்றில் போய்விடும், இன்றைக்குக் காதில் விழுந்தால் அது இன்றைக்குச் சொன்னது. நான் போட்ட சத்தத்துக்கு அவர் ஒரே ஒரு பதில்தான் சொன்னார், "போன வருஷத்து மழைய எவனாவது எடுத்து வெச்சிருப்பானா?" என்று. எனக்கு அந்த எரிச்சலிலும் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை.

அதற்குப் பிறகுதான் நீ போனில் அவரைப் பிடித்துக்கொண்டாய். உங்க வயசுக்கு இதெல்லாம் தேவையாப்பா, இன்னைக்கு வால்வு, நாளைக்கு மோட்டார்ல கைய விட்டா என்ன பண்றது என்று கேட்டாயாம். நீ அக்கறையில்தான் கேட்டாய், எனக்குத் தெரியும், ஆனால் வாடிய நாற்றுக்கு முன்னால் நிற்கிறவரிடம் வயதைப் பற்றிப் பேசக்கூடாது. மனுஷன் இடிந்துபோய்விட்டார். வயலுக்குப் போவதை நிறுத்திவிட்டு வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு செருப்பைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் சாப்பிடும்போது, "அவன் சொல்றதுதான் சரி, நான் குத்தகைக்குக் கையெழுத்துப் போட்டுடறேன்" என்றார். நிலம் இரண்டு பேர் பெயரிலும் இருப்பதால் என் கையெழுத்து இல்லாமல் ஒன்றும் நடக்காது, அது எனக்கும் தெரியும் அவருக்கும் தெரியும். ஆனால் அவரைத் தோற்கடித்துவிட்டு அந்த வயலில் நான் மட்டும் தனியாக நின்று என்ன செய்யப்போகிறேன்? அன்றைக்குத்தான் எனக்கு முதல்முறையாகப் பயம் வந்தது. உன் பஞ்சக் கதைகளைக் கேட்டபோது வராத பயம் அது.

குத்தகை பேச அந்தக் கம்பெனியிலிருந்து ஒரு பையனும் வந்தான். நல்ல பையன், வரும்போதே செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்தான், டீ குடித்துவிட்டுக் கப்பை அவனே கழுவி வைத்தான், அதில் உன்னைவிடத் தேவலாம். கேட்டதற்கெல்லாம் மறைக்காமல் பதில் சொன்னான். கொட்டகை போட அடியில் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன், சிமெண்டுத் தளம் போட்டுவிடுவோம், செடி குழாய்த் தண்ணீரிலேயே வளரும், மண் தேவைப்படாது என்றான். குத்தகை முடிந்த பிறகு தளத்தை என்ன செய்வீர்கள் என்றால் அது பேப்பரில் இல்லை என்றான். அப்பா அப்போதும் ஜன்னல் வழியே கீழ்வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் முடியாது என்று சொல்லிவிட்டேன். அந்தப் பையன் பேப்பரை வைத்துவிட்டுப் போனான். அது வந்த உறை நல்ல தடிமனான உறை, அதில் இப்போது அவரைக்காய் விதை போட்டு வைத்திருக்கிறேன், பூச்சி அண்டுவதில்லை.

இன்னொன்றும் உன்னிடம் கேட்க வேண்டும். நீ முதலில் வைத்த அந்தப் பாட்காஸ்டில், கம்பெனிக்கு நிலத்தைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறேன் என்று ஒருவர் பேசுகிறாரே, அவரைத்தானே அப்பாவுக்கு உதாரணம் காட்டினாய்? நீ அதைக் கடைசிவரை கேட்டிருந்தால் காட்டியிருக்க மாட்டாய். பாதியில் ஆபீஸில் கூப்பிட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. கடைசியில் அவரிடம் இப்போது பொழுது எப்படிப் போகிறது என்று கேட்கிறார்கள். போன் நின்றுவிட்டதோ என்று நான் எழுந்துபோய்ப் பார்த்தேன். அப்புறம் அவர் சொல்கிறார், கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து மழை பெய்தால் ஜன்னல் பக்கமே போவதில்லை என்று. நான் அதைத் திரும்ப ஓடவிட்டு அப்பாவைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன். கேட்டார். எழுந்து வெளியே போனார், கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் கீழ்வயலில் பிழைத்த நாற்றுக்கு மண் அணைத்துக்கொண்டிருக்கிறார். பாதிக்கு மேல் பிழைத்துவிட்டது கண்ணா, அதை அவர் உன்னிடம் சொல்லவில்லை, நீயும் கேட்கவில்லை.

ஆனாலும் கையெழுத்துப் பேச்சை அவர் வாபஸ் வாங்கவில்லை. நானும் கிளறவில்லை. அந்தச் சமயத்தில்தான் மண்ணம்மா தன் நிகழ்ச்சிக்குக் கேள்வி அனுப்பலாம் என்று சொன்னாள், நான் என் குரலிலேயே ஒரு கேள்வி அனுப்பினேன். சொட்டுநீர்க் குழாயின் தலைமாட்டில் இருக்கும் செடிக்குத் தண்ணீர் கிடைக்கிறது, வால்மாட்டில் இருக்கும் செடிக்குக் கிடைப்பதில்லை, மேடுபள்ளமான வயலில் என்ன செய்வது என்று. வம்புக்காக அனுப்பவில்லை, நிஜமாகவே தெரியாமல்தான் அனுப்பினேன். அவர்களே திரும்பக் கூப்பிட்டுவிட்டார்கள். மண்ணம்மா என்னோடு நேரில் பேசுவதுபோலப் பேசினாள், நீளமான குழாயை இரண்டாகப் பிரித்துத் தனித்தனி வால்வு வைக்கச் சொன்னாள். பிறகு இந்த நிகழ்ச்சியை யார் சொல்லித் தெரியும் என்று கேட்டாள், என் மகன் தூரத்தில் இருக்கிறான், அவன்தான் அனுப்பினான் என்று பெருமையாகத்தான் சொன்னேன். எதற்கு அனுப்பினாய் என்பதைச் சொல்லவில்லை, உன் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறேன். கடைசியாக அவள் இன்னும் எத்தனை காலம் விவசாயம் செய்வதாக உத்தேசம் என்று கேட்டாள். எனக்காக மட்டும் சொல்வதென்றால் பதில் ரெடியாக இருந்தது, ஆனால் அப்பா பின்னால் கூடை அடுக்கிக்கொண்டு நிற்கிறார், அவருக்காக நான் எப்படிச் சொல்வது? நான் விழித்துக்கொண்டு நிற்கும்போது பின்னாலிருந்து அவர் குரல் வந்தது, "போன வை. வெயில் ஏறுது, கீழ்வயலுக்குத் தண்ணி விடணும்."

அது அப்படியே நிகழ்ச்சியில் வந்திருக்கிறது. மண்ணம்மாவுக்குச் சிரிக்கத் தெரியாது என்று எழுதினேனே, அதற்குச் சிரித்தாள்.

அதனால் நீ எங்களுக்கு டிக்கெட் எடுக்க வேண்டாம். உன் வீட்டில் எங்களுக்காக வர்ணம் அடித்து வைத்திருக்கும் அறையில் பாப்பாவின் பொம்மைகளைப் போடு. எங்களுக்கு முடியாமல் போகும் நாள் ஒன்று வரும், வராது என்று சொல்லும் அளவுக்கு நான் முட்டாளில்லை, அன்றைக்கு நாங்களே உன்னைக் கூப்பிட்டுச் சொல்வோம், நீ எங்களுக்கு முன்னால் ஓடிப்போய் அந்த நாளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வராதே. லீவு கிடைக்கும்போது நீ வா, மருமகளையும் பாப்பாவையும் கூட்டிக்கொண்டு வா. வரும்போது மண்ணில் ஈரம் பார்க்கும் சென்சார் ஒன்று வாங்கி வா, அதைப் போனில் பார்ப்பது எப்படி என்று அப்பாவுக்கு நீயே சொல்லிக்கொடு, நான் சொல்லிக்கொடுத்தால் சண்டையில் போய் முடியும். குழாயைப் பிரிக்கவும் ஓர் ஆள் வேண்டும், பழைய உடுப்பு எடுத்து வா.

வேளாவேளைக்குச் சாப்பிடு, நாற்காலியிலேயே கிடக்காமல் நடுநடுவே எழுந்து நட. மருமகளிடம் கோபத்தைக் காட்டாதே, அது என்னிடமிருந்து உனக்கு வந்த கோபம், அதை என்னிடமே காட்டு, நான் பார்த்துக்கொள்கிறேன். பாப்பாவுக்கு என் முத்தம். நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருடம் நன்றாக இருக்க வேண்டும். நான் பேசிய பாட்காஸ்டின் இணைப்பைத் தனியாக உன் போனுக்கு அனுப்பியிருக்கிறேன். மறக்காமல் கேள், கடைசிவரை கேள். எதைக் கேட்பதாக இருந்தாலும் முதலில் தேதியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அப்பா சொல்லச் சொன்னார்.

இந்த ஒரு தாளில் மட்டும் கையெழுத்துப் போடும்,
உன் அம்மா.

கீழே இருக்கும் கிறுக்கல் அப்பாவுடையது. இதில் மட்டும்தான் போடுவாராம்.