வெயிலிலை காய்ஞ்ச படகு

இஞ்சாருங்கோ,

சோறும் இறால் குழம்பும் குசினியிலை மூடிக் கிடக்கு. மகளுக்குச் சப்பாத்து வாங்க முல்லைத்தீவுக்குப் போறம். பின்னேரம் வந்திடுவம்.

கடலுக்குப் போகேலாத மாரி முழுக்க, எங்கடை படகு மாதிரி அச்சொட்டா முழ நீளத்திலை ஒரு குட்டிப் படகு செய்துகொண்டு சாப்பாட்டு மேசையிலை இருந்தனீங்கள். ஈரத்திலை பெயின்ற் காயேல்லை எண்டு மேசையை விடவுமில்லை. நேற்று அதுக்குத்தான் கத்தினனான்.

இண்டைக்கு நீங்கள் கடலுக்குப் போனாப்பிறகு நல்ல வெயில். குட்டிப் படகைத் தூக்கி முற்றத்திலை வைச்சன். ஒரு மணித்தியாலத்திலை காய்ஞ்சிட்டுது. அப்பதான் கிட்டப் பாத்தன். கரையிலை உங்களைப் பாத்துக்கொண்டு நிக்கிற மாதிரி இடுப்பிலை கைவைச்சு, படகுக்குள்ளை நிக்கிற குட்டிப் பொம்பிளை நான்தானே? தனிய நிண்டு சிரிச்சுப்போட்டன்.

யூலிற்றா

அந்தப் பொம்பிளையின்ரை சட்டை நிறம் பிழை. என்ரை நீலச் சட்டை தைச்ச மிச்சத்துண்டை மேசையிலை வைச்சிருக்கிறன், அதைப் பாத்துப் பெயின்ற் அடியுங்கோ.

ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போறேல்லைத்தானே. சேர்ச்சிலை பூசை முடிய மேசையிலையே இருந்து அடியுங்கோ. நாங்கள் நிலத்திலை இருந்து சாப்பிடுறம்.