நீ எழுதி வைத்த எட்டு

என் மாப்ளே மாரி,

நீ இருக்கிற இடத்தில் பெட்ரோல் வாசம் உண்டா என்று தெரியாது. இங்கே உன் ஷெட்டுக்குள் இன்னும் அடிக்கிறது. உன் முக்காலியில் உட்கார்ந்து, உன் வைஸ் மேடையில் தாளை வைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன். சனிக்கிழமை மத்தியானம். விடிந்தால் ஜீப் ஓட்டப் பந்தயம்.

உனக்கு மட்டும் எழுதி எரித்துவிடுகிற கடிதம் இல்லை இது. நம்ம ஜீப் கூட்டாளிகள் வாட்ஸப் குழுவில் இதை அப்படியே போடப்போகிறேன். ஏன் என்றால், உன்னைப் பற்றி நான் தப்பாகப் பேசியது அங்கேதான். பேசின இடத்திலேயே பேச்சைத் திருப்பி வாங்கிக்கொள்வதுதான் முறை.

நீ போய் ஏழு மாதம் ஆச்சு. திருநெல்வேலிக்குக் கொண்டுபோகிற வழியில், பனவடலிசத்திரம் தாண்டும்போது, என் மடியில் தலையை வைத்துக்கொண்டு நீ கடைசியாகக் கேட்டது என்ன, ஞாபகம் இருக்கா? "பெல்ட் வந்துட்டா மச்சான்?" நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாகப்போகிறவன் கேட்கிற கேள்வியாடா அது? எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கிற சூப்பர்சார்ஜரைச் சுற்றும் பெல்ட் வந்துவிட்டது. நீ போன மறுவாரமே வந்தது.

இந்த வருசம் உன் வண்டியைக் கோமதி ஓட்டப்போகிறாள். உன் பெண்டாட்டி, என் தங்கச்சி, பிடித்தால் உடும்புப் பிடி. "அவுக ஓட்டணும்னு ஆசப்பட்ட வண்டி. ஒரு தடவ நான் ஓட்டிட்டு நிறுத்திருதேன்" என்றாள். குருவிகுளம் பக்கத்துக் கரிசல் தரிசில், அவளுக்கு முன்னால் அந்த எஞ்சின் கத்தப்போகிறது. எஞ்சினுக்கு மூடியான ஹெட்டை மாட்டி மூடித் தரவேண்டியது என் வேலை.

மூடுவதற்கு முன் நீ கணக்கு எழுதிவைத்த நோட்டைக் கோமதியிடம் கேட்டேன். அதை அவள் கையை விட்டுத் தரவில்லை. ஒரு பக்கத்தைப் போனில் படம் எடுத்து அனுப்பினாள். உன் கோழிக்கிறுக்கல். பிஸ்டன் ஒரு தடவை ஏறி இறங்குகிற இடம் முந்நூற்றி இருபத்தைந்து சிசி. பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மேலே மிஞ்சுகிற இடம், ஹெட் குழி, ஹெட்டுக்கு அடியில் வைக்கிற கேஸ்கெட் தகடு, பிஸ்டன் தலைப்பள்ளம் எல்லாம் சேர்த்து நாற்பத்தாறரை. இரண்டையும் கூட்டி, மிஞ்சுகிற இடத்தால் வகுத்தால் எட்டு. கம்ப்ரஷன், அதாவது காற்றை அமுக்குகிற அளவு, எட்டுக்கு ஒன்று. அடியில் இரண்டு கோடு.

சாதா எஞ்சின் என்றால் பத்துகூட வைக்கலாம், இதுக்கு ஏன் எட்டு என்று அன்றைக்கு நான் கேட்டேன். சூப்பர்சார்ஜரைத் தட்டிக் காட்டிச் சொன்னாய்: "இவன் காத்த வம்படியா திணிப்பான் மச்சான். வயிறு முட்டத் தின்னவன் வயித்துல ஏறி மிதிச்சா என்ன ஆகும்? அதான்." அளவு கூடினால் பெட்ரோல் நேரம் காலம் தெரியாமல் தானாக வெடிக்கும். பிஸ்டனில் ஓட்டை விழும். பிஸ்டனைத் தாங்குகிற ராடு உடைந்து எஞ்சின் பிளாக்கைக் கிழித்துக்கொண்டு வரும். கொதிக்கிற ஆயில் சைலன்சர் குழாயில் பட்டால் தீ. ஓட்டுகிறவள் கோமதி.

புதன்கிழமை ஹெட்டைக் கவிழ்த்துவைத்து, முதல் குழியின் மேல் கண்ணாடித் தகட்டை கிரீஸ் தடவி ஒட்டி, ஊசி மருந்து சிரிஞ்சில் மண்ணெண்ணெய் ஏற்றினேன். உன் நோட்டுப் பக்கத்தில் ஹெட் குழி முப்பத்தாறு என்று இருக்கிறது. எனக்கு முப்பத்தொன்றிலேயே நிறைந்துவிட்டது. அஞ்சு சிசி குறைவு. எட்டு என்று நீ எழுதியது எட்டே முக்காலைத் தாண்டி நிற்கிறது.

என் வாய்தான் உனக்குத் தெரியுமே. இன்னும் மூன்று குழி பாக்கி இருக்கும்போதே போனை எடுத்துக் குழுவில் பேசிவிட்டேன். "மக்கா, மாரி கணக்குல தப்புவிட்டுட்டான். இப்படியே மூடியிருந்தா என் தங்கச்சி போய்ச் சேந்திருப்பா." அரைமணி நேரத்தில் ஒரே பாராட்டு. நல்லவேளை அண்ணாச்சி பாத்திய, தெய்வம் மாதிரி காப்பாத்திட்டிய. எனக்கும் குளிர்ந்துதான் போனது. பொய் சொல்லவில்லை.

சாயங்காலம் என் பட்டறை வாசலில் ஸ்கூட்டி வந்து நின்றது. கோமதி இறங்கவே இல்லை.

"அவுக கணக்கு தப்புங்கியாண்ணே?"

"நான் சொல்லலட்டி. மண்ணெண்ணெய் சொல்லுது."

"எத்தன குழி அளந்த?"

"ஒண்ணு."

"நாலு இருக்குல்லா?" என்றாள். வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் காலையில் மற்ற மூன்றையும் அளந்தேன். அளக்கும்போது மனசுக்குள் ஒரு வேண்டுதல்: ஒன்று கூடட்டும், ஒன்று குறையட்டும், நீ அசந்துபோய் அளந்தாய் என்று ஆகட்டும். முப்பத்தொன்று. முப்பத்தொன்று. முப்பத்தொன்று. உன் நோட்டில் நாலுமே முப்பத்தாறு. ஒரு வாரம் உட்கார்ந்து நாலையும் தேய்த்து ஒன்றுபோல ஆக்கினவன் நீ. அசந்து அளக்கிறவனுக்கு நாலிலும் அதே அஞ்சு எப்படிக் குறையும்?

நாலிலும் ஒன்றுபோலக் குறையவேண்டும் என்றால் ஒரே வழிதான். ஹெட்டின் முகத்தை மொத்தமாக யாரோ சீவியிருக்கவேண்டும்.

யாரோ இல்லை, மாரி. சீவினது நான்.

உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள். வீட்டில் இருக்கமுடியவில்லை. ஷெட்டுக்கு வந்தேன். ஹெட் துணி மூடிக் கிடந்தது. தண்ணி போகிற ஓட்டையைச் சுற்றி லேசாக அரித்திருந்தது. பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போய் மில்லிங் மெஷினில் போட்டேன். ஹெட் என்று ஒன்று கையில் வந்தால் முகத்தைச் சீவி ஃபேசிங் போடாமல் திருப்பிக் கொடுத்ததில்லையே நம்ம ஊரில் எவனும். அழுதுகொண்டே ஒரு சீவு. அந்தப் பள்ளம் மறையவில்லை என்று இன்னொரு சீவு. முகம் தெரிகிற அளவுக்குப் பளபளப்பாக்கி, உனக்கு ஏதோ செய்துவிட்ட மாதிரி, திரும்பக் கொண்டுவந்து வைத்தேன். எவ்வளவு எடுத்தேன் என்று எழுதவில்லை. தறிக்குச் சாமான் கடைகிற என் பட்டறையில் என்றைக்கு எதை எழுதியிருக்கிறோம்? இப்போது கணக்குப் போட்டால் ஒன்றேகால் மில்லிமீட்டர். அஞ்சு சிசி அப்படியே வந்து உட்காருகிறது.

தெரிந்ததும் சொன்னேனா? இல்லை. அதுதான் இரண்டாவது தப்பு. சாயங்காலம்வரை வாயைத் திறக்கவில்லை. சூப்பர்சார்ஜரின் புல்லிச் சக்கரத்தை மாற்றி, காற்றைக் குறைத்து, "மாரி விட்ட தப்பை நான் சரி பண்ணிட்டேன்" என்று சொன்னால் யாருக்குத் தெரியப்போகிறது? நீ வந்து கேட்கவா போகிறாய்? குழுவில் இன்னும் எனக்குக் கும்பிடு விழுந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்கச் சகிக்காமல் போனைக் கவிழ்த்துவைத்தேன்.

பொழுது சாய உன் வீட்டுக்குப் போனேன். கோமதி கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை, நின்றபடியே சொன்னேன்.

"மாப்ள கணக்கு சரிதான், கோமதி. ஹெட்ட நான் சீவிட்டேன். காரியம் முடிஞ்ச மறுநா."

அவள் துணியை மடித்து முடித்தாள். உள்ளே போய் நோட்டை எடுத்துவந்து, படத்தில் எனக்கு அனுப்பாத அடுத்த பக்கத்தைத் திறந்து நீட்டினாள். உன் கிறுக்கல்:

"ஹெட் அளந்தாச்சு. இனி மச்சான் கையில சிக்கக்கூடாது. சிக்குனா இன்னொரு சீவு போட்ருவான்."

பாவிப்பயலே. சிரிப்பு வந்தது, அதோடு சேர்ந்து அழுகையும் வந்தது. துணிக்கூடை பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஒனக்கு முன்னமே தெரியுமாட்டி?"

"நீ ஹெட்டத் தூக்கிட்டுப் போனத ஜன்னல் வழியா பாத்தேன். என்ன செஞ்சன்னு தெரியாது. நேத்து நீ குழுவுல பேசினதும் இந்தப் பக்கத்தத்தான் எடுத்துப் பாத்தேன்."

"நேத்தே என்னக் கேட்டிருக்கலாம்லா?"

"நீயா சொல்லுதியான்னு பாத்தேன். சொல்லலன்னா வண்டியில ஏறியிருக்க மாட்டேன்."

அவள் சொன்னது வண்டியை மட்டுமா, என்னையும் சேர்த்தா?

நேற்று முழுக்கச் செம்புத் தகட்டில் கேஸ்கெட் வெட்டினேன். நான் எடுத்த உயரத்தைத் தடிமனாகத் திருப்பிக் கொடுக்கிறமாதிரி. பங்கு பிரிக்கிறவன்போல நாலு வட்டமும் ஒரே அளவாக அரம் போட்டு அரம் போட்டு, விரல் நுனி தோலுரிந்துவிட்டது. பொருத்தி, நாலையும் அளந்தேன். இரண்டு தடவை. கோமதி பக்கத்தில் நின்று சிரிஞ்சைப் படித்தாள். நாற்பத்தாறரை. உன் எட்டு உன் எட்டாகவே இருக்கிறது. இன்று காலையில் ஸ்டார்ட் ஆனது, மாப்ளே. பெல்ட் பாடுகிற பாட்டை நீ கேட்டிருக்கணும்.

உன் நோட்டில், என்னைப் பற்றி நீ எழுதினதுக்குக் கீழே, நான் முதல் தடவையாக எழுதினேன்: "ஒன்றேகால் மில்லி சீவியது நான். சங்கரன்." கோமதி வாங்கிப் படித்தாள். பிறகு ஹெல்மெட் ஒன்றை என் முன்னால் வைத்தாள்.

"கணக்கு சரின்னு சொல்லுதேல்லா? அப்ப நாளைக்குப் பக்கத்து சீட்டுல ஏறு."

நாற்பதுக்கு மேல் போனாலே கண்ணை மூடிக்கொள்கிறவன் நான். எத்தனை தடவை என்னைக் கேலி பண்ணியிருப்பாய். அவள் கேட்டது சரி, மாரி. வாயால் உன் கணக்கைத் தப்பென்றவன், உடம்பை வைத்துத்தான் சரியென்று சொல்லவேண்டும். பயமாகத்தான் இருக்கிறது. உன் கணக்குமேல் இல்லை, என் கைமேல்.

நாளைக்கு அவள் ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது பக்கத்தில் நான் இருப்பேன். கண்ணைத் திறந்துகொண்டு இருப்பேன். இது உனக்குக் கொடுக்கிற சத்தியம்.

இப்படிக்கு, ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு,
உன் கோமதிக்கு அண்ணன், உனக்கு என்றைக்கும் மச்சான்,
சங்கரன்