காய்ச்சலே இல்லாத முப்பத்தொரு பிள்ளைகள்

அன்பு மகன் கோல்ட்டனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் டெஸ்ஸாவும் சுகமாகத்தான் இருக்கிறோம். உன் கப்பல் எந்தக் கடலில் நின்றாலும் நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று நம்பிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன், பொய் என்றால் திருத்தி எழுது. கோதுமை இந்த வருஷம் முழங்காலைத் தாண்டவில்லை. அப்பாவுக்கு மறுபடி இடுப்புப் பிடித்துக்கொண்டது, டாக்டரிடம் போகச் சொன்னால் டிராக்டரிடம் போகிறார்.

உன் தங்கையின் மாநிலப் பரீட்சை என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தாய். ஏப்ரல் வந்தால் நம் மிடில் ஸ்கூலுக்குப் பேய் பிடித்துவிடும், உனக்குத் தெரியாததா. சுவரில் ஓர் எழுத்தோ எண்ணோ இருந்தால் பிள்ளைகள் பார்த்து எழுதிவிடுவார்களாம், வாய்ப்பாடு முதல் கழிப்பறைக் கதவில் கிறுக்கி வைத்திருப்பது வரை எல்லாவற்றின் மேலும் பழுப்புக் காகிதம் ஒட்டிவிட்டார்கள். கழிப்பறைக் கதவைப் பார்த்து எந்தக் கேள்விக்குப் பதில் எழுத முடியும் என்று எனக்கு இன்னும் புரியவில்லை. உடற்பயிற்சி வாத்தியார் பென்சில் வேஷம் போட்டுக்கொண்டு எல்லோர் முன்னாலும் ஆடினார், உள்ளே வரும்போதே வாசல் நிலையில் இடித்துப் பென்சில் முனை மடங்கிவிட்டது. மூளை சுறுசுறுப்பாக இருக்கும் என்று ஆளுக்கு இரண்டு புதினா மிட்டாய் கொடுத்தார்கள், நான் ஓட்டும் பள்ளி பஸ் முழுக்க ஒரு வாரம் பல் டாக்டர் வீடு மாதிரி மணத்தது. இவ்வளவு கூத்தும் எதற்கென்றால், இரண்டு வருஷமாக மாநிலம் நம் பள்ளிக்குப் போட்ட மதிப்பு எஃப், அதாவது ஃபெயில். மூன்றாவது தடவையும் எஃப் வந்தால் பள்ளியைப் பூட்டி, பிள்ளைகளை நாற்பது மைலுக்கு அப்பால் அனுப்பிவிடுவார்களாம்.

பரீட்சைக்கு முந்தின நாள் பிரின்சிபால் ஹென்லி எனக்குப் போன் பண்ணினார். அந்தக் காலத்தில் உன் அப்பாவின் விடைத்தாளைப் பார்த்து எழுதியே கணக்கில் கரையேறிய அதே ஹென்லிதான். பத்து நிமிஷம் பனிமழை, பஸ் டயர் என்று சுற்றி வளைத்துவிட்டு, "ரோண்டா, தப்பா எடுத்துக்காத, நாளைக்கு டெஸ்ஸாவுக்கு உடம்பு சரியில்லாமப் போனா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க" என்றார். நான் திட்டியிருக்க வேண்டும். திட்டவில்லை, சரி என்றேன். மார்க்கில் அவள் எப்போதும் கடைசிப் படியில்தான் நிற்பாள், அவள் எழுதாவிட்டால் பள்ளியின் சராசரி ஏறும், எழுத்துகள் அவள் கண்ணுக்கு ஓடிப்பிடித்து விளையாடும், பாவம் அவளுக்கும் நிம்மதி என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். காலையில் அவள் நெற்றியில் கையை வைத்து, காய்ச்சல் அடிக்குது, படுத்துக்கோ என்றேன். அவள் தன் நெற்றியையும் தொட்டுப் பார்த்தாள், என் முகத்தையும் பார்த்தாள். "எனக்கு ஒண்ணும் இல்லன்னு எனக்கே தெரியும்மா. நான் போகலன்னா ஸ்கூலுக்கு நல்லது, அவ்வளவுதானே, சொல்லிட்டுப் போயேன்" என்றாள். நான் பஸ்ஸை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

முதல் நிறுத்தத்தில் யாரும் இல்லை. இரண்டாவதில் ஒரு தாய் வாசலில் நின்று, பையனுக்கு வயிற்றுவலி என்று கையை ஆட்டினாள், பையன் அவள் முதுகுக்குப் பின்னால் துள்ளிக் குதித்துப் பந்து விளையாடிக்கொண்டிருந்தான். ஐந்தாவதில் தலைவலி, ஆறாவதில் வாந்தி. எல்லாத் தாய்மாரும் என்னைப் பார்த்துக் கண்ணடிக்காத குறை. ரகசியம் என் ஒருத்தி வயிற்றில்தான் இருக்கிறது என்று நினைத்திருந்தேன், ஊரே சேர்ந்து சுமந்துகொண்டிருந்தது. முப்பத்து நான்கு பேர் ஏற வேண்டிய பஸ்ஸில் பதினாறு பேரோடு போய் நின்றேன், மற்ற பஸ்ஸும் அப்படித்தான். மொத்தம் நூற்றெண்பது பிள்ளைகளில் முப்பத்தொரு பேர் வரவில்லை. என்ன நடந்திருக்கிறது தெரியுமா, நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேராவது எழுதியாக வேண்டும், இல்லையென்றால் மற்றவர்கள் என்ன கிழித்தாலும் நேராக எஃப் என்று ஒரு சட்டம். ஒன்பது பேர் வராவிட்டால் குடி முழுகாது என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் கணக்கு டீச்சர் தன் பங்குக்கு ரகசியமாக எட்டுப் பேரை நிறுத்தினாள், ஆங்கில வாத்தியார் எட்டு, அறிவியல் டீச்சர் எட்டு, ஹென்லி ஏழு. ஒருத்தரும் ஒருத்தரிடம் மூச்சு விடவில்லை. ஹென்லி வாசலில் நின்று தலைகளை எண்ணின அழகை நீ பார்த்திருக்க வேண்டும்.

விடுபட்டவர்களுக்கு அடுத்த செவ்வாய் மறு பரீட்சை. திங்கட்கிழமை அவரே என்னைத் தேடி வந்து, "வீடு வீடாப் போய் எல்லாரையும் கூட்டிட்டு வந்துடலாம் ரோண்டா, நானும் கூட வர்றேன்" என்றார். வாங்க, ஆனா முதல் நிறுத்தம் என் வீடு, நீங்களே இறங்கிக் கூப்பிடணும் என்று சொல்லிவிட்டேன். செவ்வாய்க் காலை மடியில் டோநட் பெட்டியோடு முன் இருக்கையில் உட்கார்ந்து வந்தார். வாசலில் வந்து நின்ற டெஸ்ஸா, "போன வாரம் வேண்டாம்னீங்க, இந்த வாரம் வேணுமா சார்" என்றாள். அவர் பெட்டியைத் திறந்து நீட்டினார். "நான் தப்பா எழுதினாலும் பரவாயில்லையா?" "இன்னைக்குப் பரவாயில்லம்மா." "அப்ப நாளைக்கு?" அந்த மனுஷன் பெட்டியை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினார். அவள் இரண்டு டோநட்டை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினாள். அன்றைக்கு எல்லோரும் எழுதி முடித்துப் போன பிறகும் உட்கார்ந்து எழுதினாளாம், மேற்பார்வை டீச்சர் மத்தியானச் சாப்பாட்டை மூன்று மணிக்குச் சாப்பிட்டாள்.

நேற்று முடிவு வந்தது. பள்ளிக்கு டி, எஃப்புக்குச் சற்றே மேல். டிக்குக் கேக் வெட்டிக் கொண்டாடிய பள்ளி உலகத்திலேயே இது ஒன்றாகத்தான் இருக்கும். டெஸ்ஸா அதே கடைசிப் படிதான், ஒரு படி ஏற நான்கு மதிப்பெண் குறைவு. போன வருஷம் அந்தத் தாளைக் கசக்கி மெத்தைக்கு அடியில் ஒளித்தவள், இந்த வருஷம் தானே ஃபிரிஜ் கதவில் ஒட்டினாள். அவளை அன்றைக்கு வீட்டில் நிறுத்தி வைத்தது என் தப்பு என்று அவளிடமே சொன்னேன். தெரியும் என்றாள், அவ்வளவுதான்.

அவளிடம் சொன்ன பிறகு உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நீ எட்டாவது படித்தபோது ஏப்ரலில் ஒரு நாள் பள்ளிக்கு மட்டம் போடச் சொல்லி உன்னை ஏரிக்கு மீன் பிடிக்கக் கூட்டிப் போனேனே, அம்மா எனக்காக லீவு போட்ட நாள் என்று பார்ப்பவரிடமெல்லாம் சொல்வாயே, அன்றைக்கும் பரீட்சைதான். அப்போது வேறு பிரின்சிபால், அதே போன், அன்றைக்கும் நான் சரி என்றுதான் சொன்னேன்.

கடவுள் உன்னைக் கரை சேர்க்கட்டும், நெஞ்சில் சளி கட்டாமல் பார்த்துக்கொள். டெஸ்ஸாவோடு பேசும்போது மார்க் பேச்சை எடுக்காதே. ஏரிக்குப் போன அன்றைக்கே அது எதற்கு என்று உனக்கும் தெரியுமா, அதை மட்டும் மறைக்காமல் எழுது.

உன் அம்மா,
ரோண்டா