என் பெயரில் இருந்த அனுமதி

2024 பெப்ரவரி 19, திங்கள்

பித்தப்பையை எடுத்து மூன்று வாரம் ஓய்விலிருந்துவிட்டு இன்று வேலைக்குப் போனேன். எங்கள் வலி சிகிச்சை நிலையத்தில், என் மேசையில் எல்லோரும் கையெழுத்திட்ட ஒரு வாழ்த்து அட்டை. ஆஸ்பத்திரிக்கு ஒருவரும் வரவில்லை. நானும் வரச் சொல்லவில்லை.

பதினொரு மணிக்குச் சந்திரமதி அக்கா வந்தார். ஹோட்டல் சலவையில் இருபது வருடம் நின்று முதுகு போனவர். இன்று இடக்கையில் மாவுக்கட்டு.

"என்னக்கா இது?"

"பஸ்ஸால இறங்கேக்க தலை சுத்தி விழுந்திட்டன். நீங்கள் புதுசா எழுதித் தந்த பிளாஸ்டர் ஒட்டினா ஒரே நித்திரை, டொக்டர்."

நான் ஒன்றும் எழுதவில்லையே! கணினியில் பார்த்தேன். தோலில் ஒட்டும் வலி மருந்துப் பிளாஸ்டரின் அளவு இரட்டிப்பாக்கப்பட்டிருக்கிறது. கீழே என் பெயர். திகதி, நான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த நாள்.

பெப்ரவரி 20

கெல்லரிடம் கேட்டேன். நிலையம் அவருடையது. அவர் வைத்தியர் இல்லை. முன்பு உடற்பயிற்சிக் கூடங்கள் நடத்தியவர். சட்டத்தில் அதற்குத் தடையில்லை. பொறுப்பாக ஒரு வைத்தியரைக் காட்டினால், இங்கே சுவிஸில் கன்டோன், அதாவது மாநில அரசு, அனுமதி தரும். அவர் காட்டியது என்னை. நாலு வருடத்துக்கு முன் ஒப்பமிட்டேன்.

புதிதாகச் சேர்ந்த வைத்தியருக்குத் தொழில் அனுமதி இன்னும் வரவில்லையாம். "இரண்டு கிழமையில் வந்துவிடும். அதுவரை உங்கள் பெயரில் எழுதச் சொன்னேன். நோயாளிகளைத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டுமா?" குரலில் கோபம்கூட இல்லை. கோப்பி ஒன்றை நீட்டினார். வாங்கிக் குடித்தேன்.

ஏன் குடித்தேன்?

பெப்ரவரி 25, ஞாயிறு

தொலைபேசியில் இருக்கும் பெயர்களை எல்லாம் பார்த்து முடித்தேன். இதைச் சொல்ல ஒருவரும் இல்லை.

மார்ச் 2

கன்டோனுக்கு எழுதத் தொடங்கி மூன்று தரம் கிழித்தேன். கெல்லரை மட்டும் குற்றம் சொல்லி எழுத முடியாது. ஒப்பரேஷனுக்குப் போகுமுன் என் கடவுச்சொல்லை வரவேற்பில் கொடுத்துவிட்டுப் போனது நான்தான். அவசரத்துக்கு என்று. அதையும் எழுத வேண்டும். எழுதினால் எனக்கும் தடை வரும் — நாற்பத்தாறு வயசில வேற என்ன செய்யிறது? இந்த வேலையும் இல்லாட்டி ஒரு நாளைக்கு என்னோட ஆர் கதைக்கப் போகினம்?

மார்ச் 6

பதிவுத் தபாலில் அனுப்பினேன். இரண்டு பக்கம். கடவுச்சொல் விஷயமும் அதில் இருக்கிறது. பொறுப்பிலிருந்து விலகுகிறேன் என்பது கடைசி வரி.

மார்ச் 27

கன்டோனிலிருந்து இருவர் வந்து கோப்புகளைப் பார்த்தார்கள். பொறுப்பான வைத்தியர் இல்லாமல் நிலையம் நடக்கக் கூடாது என்றார்கள். மத்தியானம் மூடியாயிற்று. கெல்லர் என் பக்கம் திரும்பவே இல்லை.

வரவேற்பில் இருக்கும் சரணியா மேலங்கியைப் போட்டபடி அழுதாள். "நீங்கள் செய்தது சரிதான் அக்கா. ஆனா எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்."

சொல்லியிருக்கலாம். தோன்றவேயில்லை.

ஏப்ரல் 11

சந்திரமதி அக்கா தொலைபேசி எடுத்தார். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன்.

"கை சுகமாயிடும், அது பரவாயில்லை. இனி நான் ஆரிட்டப் போறது? கடையில பாண் வாங்கத்தான் எனக்கு ஜேர்மன் காணும். நோவை எப்பிடிச் சொல்லுறது?"

வேறு இடம் தேடித் தருகிறேன் என்றேன்.

ஜூன் 18

முடிவு வந்துவிட்டது. எனக்குக் கண்டனம், ஆறு மாதம் வைத்தியம் பார்க்கக் கூடாது. எதிர்த்து மனுப் போடலாம் என்கிறார் வழக்கறிஞர். போடவில்லை.

ஜூலை 3

இதுவரை ஒன்பது வலி சிகிச்சை நிலையங்களுக்குப் பேசினேன். சந்திரமதி அக்காவைப் புதிதாக எடுக்க எவருக்கும் இடமில்லை.

ஜூலை 9

பதினோராவது இடத்தில் கிடைத்தது. செப்டம்பரில்.

செப்டம்பர் 12

அக்கா கேட்கவில்லை. நானாகத்தான் கூடப் போனேன்.

புதிய வைத்தியர் இளம்பெண். நோயாளியின் பக்கத்துக் கதிரையில் நான் உட்கார்ந்து பார்த்ததே இல்லை. அங்கிருந்து வைத்தியரின் கணினித் திரை தெரியாது. "நீங்கள் மகளா?" என்று கேட்டார். இல்லை, மொழிபெயர்க்க வந்தேன் என்றேன். வைத்தியர் என்று சொல்லவில்லை.

வலி எப்படி என்று கேட்டார். தமிழில் சொன்னேன்.

"பரவாயில்லை எண்டு சொல்லுங்கோ," என்றார் அக்கா. கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்திருந்தார்.

நான் அதை ஜேர்மனில் சொல்லவில்லை. "அக்கா, உள்ளதைச் சொல்லுங்கோ. நான் இருக்கிறன்."

என்னைப் பார்த்தார். பிறகு சொல்லத் தொடங்கினார். முதுகின் கீழே நாரியில் தொடங்கி, கால் வழியாக, ஒவ்வொரு இடமாக. நான் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.